பிரேக் சத்தம் கேட்டாலே படபடப்பு: பயத்தை அழிக்க மாத்திரை உண்டா?

கேள்வி: இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் பைக் மீது லாரி மோதியது. காயம் ஆறிவிட்டது. ஆனால், எங்கே பிரேக் சத்தம் கேட்டாலும் நெஞ்சு படபடக்கிறது, கை வியர்க்கிறது. ஆபத்தில்லை என்று தெரிந்தும் ஏன் இப்படி? இந்த நினைவை அழிக்க மாத்திரை உண்டா?

பதில்: அழிக்கும் மாத்திரை இல்லை. அடக்கப் பயிற்சி உண்டு.

கண்ணுக்கும் காதுக்கும் இடையிலுள்ள பொட்டுக்கு உட்புறம், மூளையின் ஆழத்தில், பயத்தைக் கற்கும் பகுதியான அமிக்டலா இருக்கிறது. விபத்தின்போது பிரேக் சத்தமும் அடிபட்ட வலியும் அங்குள்ள ஒரே நியூரான்களுக்கு (நரம்பு செல்களுக்கு) ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தன. அப்போது அந்த நியூரான்களின் மேல் வாயில்கள்போல் இருக்கும் என்எம்டிஏ ஏற்பிகள் திறந்து, கால்சியம் உள்ளே பாய்ந்து, சத்தத்தைக் கொண்டுவரும் இணைப்பு பலப்படுகிறது. அடுத்த சில மணி நேரத்தில் புதிய புரதங்கள் உருவாகி அதை நிலைக்கச் செய்கின்றன. பிறகு சத்தம் மட்டுமே போதும். அது புலன் செய்திகளைக் கடத்தும் மூளைப் பகுதியான தலாமஸிலிருந்து நேராக அமிக்டலாவுக்குப் போக ஒரு குறுக்குவழியும் இருப்பதால், நீங்கள் யோசிப்பதற்குள் இதயம் வேகமெடுத்துவிடுகிறது. இது கோழைத்தனம் அல்ல.

நினைவுகூரப்பட்ட பய நினைவு சிறிது நேரம் இளகியிருக்கும் என்று 2000இல் எலிகளில் காட்டினார்கள். அமிக்டலாவில் புரத உற்பத்தியை ஒரு மருந்தால் தடுத்ததும் அந்தப் பயம் மங்கியது. அந்த மருந்தை மனிதருக்குக் கொடுக்க முடியாது. இதே நோக்கில் மனிதரிடம் நடந்த ப்ரொப்ரனலால் (இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை) ஆய்வுகளின் முடிவுகளோ ஒன்றுபோல் இல்லை.

பலன் தருவது படிப்படியாக எதிர்கொள்வதுதான். பதிவுசெய்த பிரேக் சத்தத்தை மிகக் குறைந்த ஒலியில் வையுங்கள். பயத்துக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போடுங்கள். 60இல் தொடங்கினால், 30க்கு இறங்கும்வரை கேளுங்கள். மறுநாளும் அதே ஒலி. பழகிய பிறகே கூட்டுங்கள். பலரும் சறுக்குவது உச்சத்தில் அணைத்துவிடுவதில்தான்: 'தப்பித்ததால் பிழைத்தோம்' என்று மூளை கற்றுக்கொள்கிறது. பயிற்சிக்கு முன் அல்பிரசோலம் போன்ற பதற்றத்தைத் தணிக்கும் மாத்திரை போடுவதும் கற்றலைக் கெடுக்கலாம். (ஏற்கெனவே தினமும் எடுப்பவர் திடீரென நிறுத்தக் கூடாது.)

இதில் பழைய நினைவு அழிவதில்லை. நெற்றிக்குப் பின்னுள்ள மூளையின் முன்பகுதி அதை அடக்கக் கற்கிறது, அவ்வளவே. அந்தக் கற்றல் இடத்தோடு ஒட்டிக்கொள்ளும். அறையில் பழகியவருக்குச் சாலையில் பயம் திரும்பக்கூடும். எனவே மொட்டை மாடி, தெரு, பேருந்து நிறுத்தம் என இடம் மாற்றிப் பழகுங்கள்.

விபத்து கனவில் திரும்பத் திரும்ப வந்தாலோ, வண்டிப் பயணத்தையே தவிர்த்தாலோ, தனியாக முயல வேண்டாம். மனநல மருத்துவரின் மேற்பார்வையில் தொடங்குங்கள்.