ஹப் ஆயில் குறைந்தால் ஊற்றினால் மட்டும் போதுமா?

பேருந்தின் முன்சக்கர ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதி) ஆயில் அளவு பார்க்கும் கண்ணாடியில் ஆயில் குறைந்து தெரிகிறது, ஊற்றிவிட்டு ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆயில் சும்மா குறையாது, எங்கோ கசிகிறது. முதலில் சக்கரத்தின் உட்பக்கம் பாருங்கள். அங்கே எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வீல் சீல், அதாவது ஆயில் உட்பக்கம் கசியாமல் தடுக்கும் வளையம், போய்விட்டது. வண்டியை எடுக்கவே கூடாது. எண்ணெய் ஊறிய பிரேக் லைனிங் சரியாகப் பிடிக்காது, கழுவினாலும் தேறாது, மாற்றத்தான் வேண்டும். புது சீல் போடும்முன் அது உட்காரும் இடத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். பள்ளம் விழுந்திருந்தால் புது சீலும் கசியும்.

வெளிமூடி ஓரத்தில் மட்டும் ஈரம் என்றால் பெரும்பாலும் மூடிக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட்தான் (கசிவைத் தடுக்கும் தகடு). ஆயில் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

சரி, நிரப்பும்போது வண்டி சமதளத்தில் நிற்கட்டும். ஹப்பில் ஊற்றும் கியர் ஆயில் கெட்டி, பேரிங்குக்குள் மெதுவாகத்தான் இறங்கும். கண்ணாடியில் உள்ள கோடு வரை ஊற்றி, கொஞ்ச நேரம் விட்டு, மறுபடி பார்த்து ஊற்றுங்கள்.