விளக்கே எரியாதபோது கரன்ட் சென்சார் மைனஸ் 1.5 ஆம்பியர் காட்டுவது ஏன்?

பாம்பன் நாட்டுப்படகில் ஏசிஎஸ்712 (30 ஆம்பியர்) கரன்ட் சென்சாரை ஆர்டுயினோவுடன் (அளவீட்டைப் படித்துக் கணக்கிடும் சிறு கன்ட்ரோலர் போர்டு) இணைத்திருக்கிறீர்கள். விளக்கை அணைத்தாலும் மைனஸ் 1.5 காட்டுகிறது, விளக்கைப் போட்டால் பிழை மாறுகிறது என்கிறீர்கள். இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். சென்சாரை அவசரப்பட்டுத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கரன்ட் ஓடாதபோது இந்த சென்சார் தன் சப்ளையில் சரிபாதியை வெளியே தரும். சப்ளை 5 வோல்ட், அதனால் வருவது 2.5 வோல்ட் என்று உங்கள் கணக்கு நம்புகிறது. சென்சாருக்குத் தனி கன்வெர்ட்டர் 4.8 வோல்ட் கொடுத்தால் வருவது 2.4 தான். ஒரு ஆம்பியருக்கு 66 மில்லிவோல்ட் என்பதால், குறையும் அந்த 100 மில்லிவோல்ட்டே மைனஸ் 1.5 ஆம்பியர் ஆகிவிடுகிறது. சென்சாருக்கும் ஆர்டுயினோவுக்கும் ஒரே 5 வோல்ட் லைனைக் கொடுங்கள். அப்புறம் விளக்குகளை அணைத்து, பல அளவீடுகளின் சராசரியைப் பூஜ்யமாக வையுங்கள்.

அதன் பிறகும் லோடு ஏற ஏறப் பிழை கூடினால் கிரவுண்ட் வயரை (கரன்ட் திரும்பும் மைனஸ் வயர்) பாருங்கள். நம் கடற்கரையில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். உப்புக்காற்றில் செம்பு முனை பச்சை பூத்து, மின்தடை 0.05 ஓம் ஆனால்கூட, அதே வயரில் விளக்குகளின் 2 ஆம்பியரும் திரும்பும்போது 100 மில்லிவோல்ட் அங்கேயே விழும். விளக்கு ஓடும்போது சென்சார் கிரவுண்டுக்கும் ஆர்டுயினோ கிரவுண்டுக்கும் இடையே மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்தால் தெரிந்துவிடும். முனையை வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்யுங்கள் (டெர்மினலை அழுத்திப் பிடிக்க வையுங்கள்). சென்சார் கிரவுண்டை விளக்கு வயரோடு சேர்க்காமல் தனியாகக் கொண்டுவாருங்கள்.

ஸ்பீக்கர், மோட்டார் போன்ற காந்தமுள்ளவற்றை சென்சாருக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். போர்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கழுவி, நன்றாகக் காயவைத்த பிறகே வார்னிஷ் பூசுங்கள்; ஈரத்தோடு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.