லாம்டாவுக்குள் எஃப்எஃப்எம்பெக்: நெல்லைப் பக்கத்துக் கேள்விகளும் என் பதில்களும்

ஆவணி முகூர்த்தம் நெருங்குது. ஜங்ஷன், பாளை, அம்பை பக்கம் கல்யாண வீடியோ எடுக்கிறவங்களும், அவங்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிற பிள்ளைகளும் ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருக்கீங்க. அமேசானோட இணையச் சேமிப்பிடமான எஸ்3-ல கிளிப் வந்து விழுந்ததும், சர்வர் இல்லாமலே நம்ம கோடை ஓட்டித் தர்ற அமேசான் லாம்டா தானா அதைச் சுருக்கி, பேரு போட்டுத் தரணும். அதுக்குள்ள வீடியோவை மாத்துற எஃப்எஃப்எம்பெக் புரோகிராமை வைக்கிறது எப்படி? எனக்குத் தெரிஞ்ச மட்டும் சொல்லுதேன். மத்த கம்பெனி கிளவுடு நான் தினம் தொடுறதில்ல, அதைக் கேக்காதீங்க.

அண்ணாச்சி, எஃப்எஃப்எம்பெக்-பைத்தானை பிப்ல போட்டு ஜிப்ல சேர்த்தேன். லேப்டாப்ல ஓடுது, லாம்டாவுல ‘நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி’ங்குது. (கல்லூரி மாணவர், வண்ணார்பேட்டை)

தம்பி, நீங்க போட்டது எஃப்எஃப்எம்பெக்கைக் கூப்பிடுற பைத்தான் உறை மட்டும்தான். உண்மையான புரோகிராம் உங்க லேப்டாப்ல ஏற்கெனவே இருந்ததால அங்க ஓடுச்சு. லாம்டாவுல அது கிடையாது.

எஃப்எஃப்எம்பெக் திட்டத்துக்காரங்க மூலநிரலை மட்டும்தான் வெளியிடுவாங்க. லினக்ஸ்ல நேரா ஓடுற ஸ்டாட்டிக் பில்டு எங்க கிடைக்கும்னு அவங்க டவுன்லோடு பக்கமே சுட்டி கொடுக்குது. ஸ்டாட்டிக்னா தேவையான லைப்ரரி எல்லாத்தையும் தனக்குள்ளயே வச்சிருக்கும். அமேசான் லினக்ஸ்ல எது இருக்கு, எது இல்லைங்கிற கவலை வேண்டாம். எடுக்கும்போது உங்க ஃபங்ஷன் (லாம்டாவுல ஓடுற உங்க கோடு) ஓடுற சிப் எக்ஸ்86-ஆ, ஆர்ம்-ஆன்னு பாத்து அதுக்குத் தக்கபடி எடுங்க. மாறிப் போச்சுன்னா ‘எக்ஸெக் ஃபார்மட் எரர்’ வரும்.

அதை ‘பின்’னுன்னு ஒரு ஃபோல்டருக்குள்ள வச்சு, அந்த ஃபோல்டரை ஜிப் பண்ணி, லேயரா (ஃபங்ஷனோட சேர்த்து வைக்கிற தனிப் பொட்டலமா) ஏத்துங்க. லாம்டா அதை ‘ஆப்ட்’டுக்குக் கீழ விரிக்கும். புரோகிராமைத் தேடுற இடப் பட்டியலான பாத்ல ஆப்ட்-பின் ஏற்கெனவே இருக்கிறதால பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலே வந்துரும். ஜிப் 50 எம்பியைத் தாண்டினா நேரா ஏத்த முடியாது, எஸ்3 வழியா ஏத்தணும். கோடும் லேயரும் எல்லாம் விரிச்ச பிறகு 250 எம்பிக்குள்ள அடங்கணும். அடங்கலைன்னா, எல்லாத்தையும் ஒரே பொட்டலமாக் கட்டுற கன்டெய்னர் இமேஜுக்குப் போயிருங்க, அதுல 10 ஜிபி வரைக்கும் இடம்.

புதுசா உருவாக்குன ஃபங்ஷன்ல நேர வரம்பு 3 நொடி, மெமரி 128 எம்பின்னு இருக்கும். அதுல வீடியோ ஓட்டுனா செத்துத்தான் போகும். மெமரியைக் கூட்டுனாத்தான் சிபியுவும் கூடும். 1,769 எம்பி வச்சாத்தான் முழுசா ஒரு சிபியு. நான் 3 ஜிபியில ஆரம்பிக்கச் சொல்லுவேன்.

எழுதுறதுக்கு டெம்ப் ஃபோல்டர் மட்டும்தான். கேக்காம விட்டா 512 எம்பி, கேட்டா 10 ஜிபி வரைக்கும் தருவான். வேலை முடிஞ்சதும் அதைத் துடைச்சிருங்க. அடுத்த கிளிப்புக்கும் அதே இடம் திரும்ப வரலாம், பழைய ஃபைல் கிடந்து நிறைஞ்சு போகும்.

கடைசியா, இதை இன்னும் பல தடவை சொல்லப் போறேன்: வீடியோ வர்ற பக்கெட் (எஸ்3-ல ஃபைல் போட்டு வைக்கிற தொட்டி) வேற, முடிஞ்சது போற பக்கெட் வேற. ஒரே பக்கெட்ல எழுதுனா, எழுதுன ஃபைலே திரும்ப ஃபங்ஷனை எழுப்பும், அது இன்னொண்ணை எழுதும், அது மறுபடி எழுப்பும். முன்ன எல்லாம் விடியக்காலம் பில்லைப் பாத்து நெஞ்சைப் பிடிக்க வேண்டியிருந்தது; 2024-ல இருந்து லாம்டா இப்படிச் சுத்துறதைக் கண்டுபிடிச்சு நிறுத்தப் பாக்கும், ஆனா அதை நம்பி இருக்காதீங்க.

‘பெர்மிஷன் டினைடு’ வருது. (பேட்டை)

விண்டோஸ்ல ஜிப் பண்ணியிருப்பீங்க. ஓட்டுறதுக்கான உரிமை ஜிப்புக்குள்ள போகலை. லினக்ஸ்லயோ, விண்டோஸுக்குள்ள லினக்ஸ் ஓட்டுற டபிள்யூஎஸ்எல்லயோ, அந்த உரிமையைத் தர்ற சிஎச்மாட் 755 கட்டளையைக் கொடுத்து, அங்கயே ஜிப் பண்ணுங்க. ஆப்ட்டுக்குள்ள போன பிறகு மாத்த முடியாது, அது படிக்க மட்டும்தான்.

அண்ணாச்சி, இங்கிலீஷ்ல பேரு வச்ச ஃபைல் ஓடுது. ‘மறுவீடு அழைப்பு.எம்பி4’ன்னு வச்சா ஃபைலே இல்லைங்குது. (மென்பொருள் எழுதும் தங்கை, அம்பாசமுத்திரம்)

நல்ல கேள்வி தாயீ, யாரும் கேக்கலையேன்னு இருந்தேன். எஸ்3 அனுப்புற சேதியில ஃபைல் பேரு அப்படியே வராது. தமிழ் எழுத்தெல்லாம் சதவீதக் குறியும் எண்ணுமா மாறி வரும், இடைவெளி கூட்டல் குறியா வரும். அதை அப்படியே எடுத்துத் தேடுனா கிடைக்காது. பைத்தான்ல ‘அன்குவோட் பிளஸ்’ போட்டுப் பிரிச்சுட்டுத் தேடுங்க. டெம்ப்புக்குள்ள இறக்கும்போது மட்டும் ‘இன்.எம்பி4’னு சாதாரணப் பேரா வச்சுக்கோங்க.

பெர்மிஷன் டினைடு வருதே, என்ன செய்ய? (மேலப்பாளையம்)

பேட்டைக்காரருக்குச் சொன்னதேதான்.

வீடியோ மேல பொண்ணு மாப்பிள்ளை பேரு போட்டா எழுத்து கலைஞ்சு வருது. (வீடியோகிராஃபர், களக்காடு)

லாம்டாவுல தமிழ் ஃபான்ட் இருக்கும்னு நம்பாதீங்க. நோட்டோ சான்ஸ் தமிழை நீங்களே லேயர்ல சேர்த்து, ஃபைல் பாதையை நேராக் கொடுங்க. அதுக்குப் பிறகும் ‘செல்வி’யில கொம்பு ‘ச’வுக்கு முன்னால நிக்காம பின்னால போய் நிக்குதுன்னா, உங்க பில்டு பழசு. வீடியோ மேல எழுத்துப் போடுற ட்ராடெக்ஸ்ட் ஃபில்டருக்கு ஹார்ஃப்பஸ் கட்டாயம்னு ஆனது எஃப்எஃப்எம்பெக் 6.1-ல இருந்துதான், எழுத்தைக் கோத்துத் தர்றது அந்த லைப்ரரி. பில்டை மாத்துங்க. இல்லைன்னா சப்டைட்டில் ஃபில்டர் வழியா, லிப்ஆஸ்ங்கிற சப்டைட்டில் லைப்ரரி மூலமா எழுதுங்க. பேரு போட்ட வீடியோ வேற பக்கெட்டுக்குத்தான் போகுதான்னும் பாத்துக்கோங்க.

என்ன வே, ஒரு பழைய டெஸ்க்டாப்பை மூலையில வச்சு ஓட்டுனாப் போதாதா? லாம்டா, லேயர்னு பிள்ளைகளைச் சுத்த விடுதீரு. (ஸ்டூடியோ உரிமையாளர், பாளையங்கோட்டை)

அண்ணாச்சி, முழுக் கல்யாணப் படத்துக்கு நீங்க சொல்லுதது சரி. 100 மெகாபிட்ல எடுத்த 4கே, ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி வரும். டெம்ப்புக்குள்ள அது நுழையவே நுழையாது. லாம்டா 15 நிமிஷத்துக்கு மேல ஓடவும் செய்யாது, ஜிபியுவும் கிடையாது. அதை ஏத்தவே 40 மெகாபிட் லைன்ல ரெண்டரை மணி நேரம். அதுக்கு உங்க டெஸ்க்டாப்தான்.

இங்க கேக்குறவங்க செய்யுறது ஒரு நிமிஷ ரீல்ஸும் முன்னோட்டமும். ஆடியிலயும் மார்கழியிலயும் ஒண்ணும் வராது. தை முகூர்த்தத்துல ஒரே ராத்திரி நாப்பது கிளிப் வரும். உங்க டெஸ்க்டாப் ஒண்ணொண்ணாத்தான் ஓட்டும், உங்க அக்கவுண்டோட வரம்பு இடம் கொடுத்தா லாம்டா நாப்பதையும் ஒரே நேரத்துல ஓட்டும்.

அப்போ காசு? வெளிநாட்டுக் கம்பெனிக்கு மாசாமாசம் அழணுமா? (மறுபடியும் பாளை)

கணக்கே போட்டுருவோம். 3 ஜிபி மெமரியில 60 நொடி ஓடுனா 180 ஜிபி-செகண்டு. மாசத்துக்கு 4 லட்சம் ஜிபி-செகண்டு இலவசம். அப்போ 2,200 கிளிப்புக்கு மேல ஓட்டலாம். எஸ்3-ல வச்சிருக்கவும் வெளிய இறக்கவும் தனிக் காசுதான், அதை மறைக்கல. ஆனா உங்க மூலையில ஓடுற பெட்டிக்குக் கரண்டும் யூபிஎஸ் பேட்டரியும் சும்மா வருதா?

பாளை அண்ணாச்சி சொல்லுததுதான் சரி. எங்க ஊர்ல மழைக்கு லைன் போச்சுன்னா கிளவுடும் இல்ல, ஒண்ணும் இல்ல. (கல்லிடைக்குறிச்சி)

இது நியாயம். லைன் இல்லாத ஊர்ல லாம்டா பேச்சே எடுக்கக் கூடாது.

நடுவுல ஒரு வழி, சின்ன விபிஎஸ் (வாடகைச் சர்வர்) எடுத்தா? (மறுபடியும் பாளை, விடமாட்டேங்காரு)

எடுக்கலாம். அப்டேட் யாரு போடுவா, டிஸ்க் நிறைஞ்சா ராத்திரி ரெண்டு மணிக்கு யாரு எந்திரிப்பா? நீங்க எந்திரிப்பீங்கன்னா எடுங்க. இதுக்கு மேல இதைப் பத்தி நான் எழுதல, மத்தவங்க கேள்வி கிடக்கு.

ரீல்ஸ் எடுக்க எந்த ஃபோன் வாங்கலாம்? (தென்காசி)

கடைக்காரர்கிட்ட கேளுங்க.

பெர்மிஷன் டினைடு. (பெயர், ஊர் இல்லை)

சிஎச்மாட்.

ஒரே பக்கெட்ல ‘வரவு’, ‘முடிஞ்சது’ன்னு ரெண்டு ஃபோல்டர் வச்சா? (சங்கரன்கோவில்)

ஃபங்ஷனை எழுப்புற ட்ரிக்கர்ல ‘வரவு’ங்கிற முன்னொட்டு சரியாப் போட்டிருந்தா ஓடும். ஆறு மாசம் கழிச்சு வேற பையன் வந்து அந்த முன்னொட்டை அழிப்பான். ரெண்டு பக்கெட் வையுங்க.

அண்ணாச்சி, பக்கெட் ரெண்டுதான் வச்சிருக்கேன். ஆனாலும் ஒரு கிளிப் மட்டும் ரெண்டு தடவை ஓடியிருக்கு. (முதல்ல கேட்ட மாணவர்)

எஸ்3 ஒரு சேதியைக் குறைஞ்சது ஒரு தடவை கொடுப்பேன்னுதான் உறுதி சொல்லுது, ஒரே தடவைன்னு இல்ல. இன்னொண்ணு, ஃபங்ஷன் பாதியில விழுந்தா லாம்டாவும் தானா ரெண்டு தடவை வரைக்கும் திரும்ப ஓட்டிப் பாக்கும். லாக்ல ரிக்வெஸ்ட் ஐடியைப் பாருங்க: ஒரே ஐடி ரெண்டு தடவை இருந்தா லாம்டா திரும்ப ஓட்டுனது. எதுவா இருந்தாலும், எஃப்எஃப்எம்பெக்கைக் கூப்பிடுறதுக்கு முன்னால, போற பக்கெட்ல அதே பேர்ல முடிஞ்ச ஃபைல் இருக்கான்னு பாத்து, இருந்தா அப்படியே திரும்பிருங்க.