கல்லூரியில் எல்லோரும்தான் குடித்துப் பார்க்கிறார்கள். சிலர் மட்டும் அதில் மாட்டிக்கொள்வது ஏன்?

தம்பி முதன்முறையாக விடுதிக்குப் போகிறான், எதைக் கவனிக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். என் அறை நண்பனை வைத்தே சொல்கிறேன்.

நாங்கள் நான்கு பேர் ஓர் அறையில் இருந்தோம். அதில் ஒருவனுக்கு எவ்வளவு குடித்தாலும் நாக்கு குழறாது, நடை தள்ளாடாது. மற்றவர்கள் வாந்தியெடுத்துக் கிடக்கும்போது தலையைப் பிடித்துக்கொள்வதும், ஒருக்களித்துப் படுக்க வைப்பதும், வாளியில் தண்ணீர் கொண்டுவந்து தரையைக் கழுவி விடுவதும் அவன்தான். "அவன் தாங்குவான்டா" என்று பெருமையாகச் சொல்வோம். மூன்றாம் ஆண்டில் படிப்பைப் பாதியில் விட்டுப் போனவனும் அவன்தான். அவன் அப்பா குடிநோயாளி என்பது எங்களுக்குத் தெரியும். இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கத்தான் தெரியவில்லை.

பல வருடம் கழித்துதான் மார்க் ஷக்கிட் என்ற அமெரிக்க மனநல மருத்துவரின் ஆய்வைப் படித்தேன். குடிநோயாளிகளின் மகன்களை இளவயதிலிருந்து தொடர்ந்து கவனித்தவர் அவர். யாருக்குக் குறைவாகப் போதை ஏறியதோ, அவர்களே பின்னாளில் குடிநோய்க்கு அதிகம் ஆளானார்கள். யோசித்தால் புரியும். 'போதும்' என்று உடம்பு சொல்ல வேண்டியது இவர்களுக்குத் தாமதமாகத்தான் கேட்கிறது. அதற்குள் உள்ளே போன சாராயம் ஈரலையும் மூளையையும் தன் பாட்டுக்குக் கெடுத்துக்கொண்டிருக்கும். குடிநோய் வரும் வாய்ப்பில் ஏறக்குறைய பாதி பரம்பரையாக வருவது என்று இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. மீதிப் பாதி சூழ்நிலை. அதனால் அப்பா குடித்தால் பிள்ளையும் குடிப்பான் என்று தலையெழுத்து எதுவும் கிடையாது.

அடுத்தது, தொடங்கும் வயது. அமெரிக்காவில் 1990களில் நடந்த பெரிய கணக்கெடுப்பு ஒன்றில், 15 வயதுக்கு முன்பே குடிக்கத் தொடங்கியவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் வாழ்க்கையில் ஏதோ ஒரு கட்டத்தில் குடிக்கு அடிமையாகியிருந்தார்கள். 20 வயதுக்கு மேல் தொடங்கியவர்களில் அது சுமார் 10 சதவீதம்தான். தம்பி ஏற்கெனவே பள்ளிக்கூட நாளில் குடித்துப் பார்த்திருந்தால் இன்னும் கூடுதல் கவனம் தேவை.

உங்கள் கேள்வியிலேயே ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது: "எல்லோரும்தான்". அப்படி இல்லை. சக மாணவர்கள் குடிக்கும் அளவை மாணவர்கள் மிகையாகவே கணிக்கிறார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர்களான பெர்கின்ஸும் பெர்கோவிட்ஸும் 1986லேயே எழுதினார்கள். குடிக்கிற அறையின் சத்தம்தான் மாடி முழுக்கக் கேட்கும். பதினொரு மணிக்குத் தூங்கப் போனவர்களை யார் எண்ணுகிறார்கள்? எல்லோரும் குடிக்கிறார்கள் என்று நம்பி, நாம் மட்டும் ஒதுங்கிவிடுவோமோ என்று பயந்து கிளாஸை எடுப்பவர்கள் ஏராளம். யாரையும் தெரியாத அந்த முதல் சில வாரங்களில் இந்தப் பயம் ரொம்பப் பெரியது.

அப்புறம், எதற்காகக் குடிக்கிறான் என்பது. கூட்டத்தோடு சேர்ந்து சந்தோஷத்துக்குக் குடிப்பவனை விட, தூக்கம் வரவில்லை, மனசு சரியில்லை, அரியர் விழுந்துவிட்டது என்று குடிப்பவனைப் பார்த்துத்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். தனியாகக் குடிக்கத் தொடங்கிவிட்டால் இன்னும் மோசம். மனச்சோர்வும் பதற்றமும் இருப்பவர்கள் கஞ்சாவுக்கும் மாத்திரைக்கும் போவதும் பெரும்பாலும் இதே வழியில்தான். குடியோடு தூக்க மாத்திரையோ ஓபியாய்டு (அபின் வகை) வலி மாத்திரையோ சேர்ந்தால் மூச்சே நின்றுபோகலாம். இதைத் தம்பியிடம் நேராகவே சொல்லிவிடுங்கள்.

வீட்டில் தாத்தாவோ மாமாவோ குடியால் அழிந்திருந்தால் அதையும் மறைக்காதீர்கள். என் நண்பனின் வீட்டில் அப்பாவைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். தனக்குப் போதை ஏறாததை அவன் கடைசிவரை அதிர்ஷ்டம் என்றே நினைத்துக்கொண்டிருந்தான்.