அரளியும் மஞ்சள் அரளியும்: கேளுங்க, சொல்றேன்

பூதப்பாண்டியிலேருந்து ஒருத்தர்: அண்ணே, வாசல்ல மஞ்சப்பூ அரளி நிக்கு. செவ்வரளியும் இதுவும் ஒண்ணுதானே?

குடும்பம் ஒண்ணு, செடி வேற. தோவாளைப் பூச்சந்தைக்கு வர்ற அரளிக்குக் கணுவுக்கு மூணு இலை, நல்ல தடிப்பு. பூவோட தொண்டையில கிழிஞ்ச துணி ஓரமாட்டு பிசிறு தொங்கும். மஞ்சளுக்கு இலை மெலிசு, ஒவ்வொண்ணா மாறி மாறி நிக்கும். கிள்ளினா வெள்ளைப்பால் வடியும். பூ புனல் வடிவம், இதழ் முறுக்கிக்கிட்டு இருக்கும். அப்பவும் சந்தேகம்னா காயைப் பாருங்க. அரளிக்கு நீளமான ரெட்டைக்காய், வெடிச்சா பஞ்சோட விதை பறக்கும். மஞ்சளுக்கு முக்கோணப் பச்சைக்காய், பழுத்தா கறுத்துப்போகும். உள்ள இருக்க கொட்டைதான் எமன். பிள்ளைங்க கையில கிடைக்கப்படாது. விழுங்கிட்டா கைவைத்தியம் பாக்காம நேரா ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

தக்கலை: கம்பு வெட்டி வச்சா வருமா?

அரளி வரும். மஞ்சளுக்கு விதை போடுங்க. கையைக் கழுவுங்க.

குலசேகரம்: ஆடு தின்னலாமா?

தின்னா செத்துரும். காஞ்ச இலையிலயும் விஷம் போகாது.

மார்த்தாண்டம்: விஷம்னு சொல்லி 2024ல கேரளாவுல அரளியை நிறுத்திட்டாங்க. நாம மட்டும் சாமிக்குப் போடலாமா?

தோவாளை: எங்க பொழப்புல மண்ணள்ளிப் போடாதீங்க அண்ணாச்சி!

ரெண்டு பேரும் பொறுங்க. அங்க கோயில்களைப் பாத்துக்கிற திருவிதாங்கூர் தேவசம் போர்டு நிறுத்தினது நைவேத்தியத்துலயும் பிரசாதத்துலயும் மட்டும். பூஜைக்குத் தடையில்ல. அது சரியான முடிவுன்னுதான் நான் சொல்வேன். பிரசாதத்தோட வந்த பூவை வாயில போட எத்தனை நேரம் ஆகும்? பிரசாதத்துக்குத் துளசி, தெச்சி (இட்லிப்பூ) போதும். மாலை கதை வேற, அதை யாரும் தின்ன மாட்டாங்க. அரளியை மடிச்சு நொச்சி இலை வச்சுக் கட்டுற மாணிக்கமாலைக்கு 2025ல புவிசார் குறியீடே கிடைச்சாச்சு. அரளி இல்லாம அதை எப்படிக் கட்டுவீங்க?

மார்த்தாண்டம்: கட்டுறவங்க கைக்கு ஒண்ணும் ஆகாதா?

கட்டிட்டு சோப்பு போட்டுக் கழுவணும். கழுவாம சோத்துல கை வைக்கப்படாது.

கருங்கல்: காஞ்ச கம்பை அடுப்புல வைக்கலாமா?

கூடாது. புகையும் ஆகாது.

திங்கள்சந்தை: சர்க்கரைக்கு அரளி கஷாயம் நல்லதாமே?

சர்க்கரை குறையுறதுக்கு முன்னாடி நெஞ்சுத்துடிப்பு குறைஞ்சிரும். டாக்டரைப் பாருங்க.

கொல்லங்கோடு: எங்க மாடு...

ஆட்டுக்குச் சொன்னதுதான்.

இரணியல்: அரளியில பச்சைப்புழு, நீலக்கண்ணு பெருசா. மருந்தடிக்கவா?

அது கண்ணில்ல, தோல்ல உள்ள புள்ளி. தொட்டா தலையை உள்ள இழுத்து, அதைக் காட்டி மிரட்டும். அந்துப்பூச்சிப் புழு, இந்த விஷ இலைதான் அதுக்குச் சாப்பாடு. ஒண்ணு ரெண்டுன்னா விட்டுருங்க, செடி திரும்பத் தளிர்க்கும்.