மிளகுத் தண்டை அறுக்காமல் உள்ளே பார்க்க

கேள்வி: கேரளத்தின் நெடுங்கண்டத்தில் மிளகுக் கொடியின் வாடலை ஆராய்கிறேன். 6 மி.மீ. தடிமனுள்ள தண்டை அறுத்து இந்தூரில் வலிமையான எக்ஸ்-கதிர் தரும் சிங்க்ரோட்ரான் நிலையத்துக்கு அனுப்பி, 0.65 மைக்ரான் பிக்சலில் டோமோகிராஃபி (சுழற்றிப் பல கோணங்களில் எக்ஸ்-கதிர்ப் படமெடுத்து உள்ளமைப்பை மீட்டுருவாக்கும் முறை) எடுத்தால், அடைபட்ட நீர்க்குழாய்கள் தெரியுமா?

பதில்: தண்டை அறுத்து மட்டும் அனுப்பாதீர்கள். நீர்க்குழாய்க்குள் தண்ணீர் இழுவிசையில் நிற்கிறது. கத்தி பட்டதும் காற்று உள்ளே பாயும். கொடி வகைகளுக்குக் குழாய் நீளமும் அதிகம் என்பதால் அந்தக் காற்று வெகுதூரம் போய்விடும். பிறகு படத்தில் காலியாகத் தெரிவது நோயின் வேலையா, கத்தியின் வேலையா என்று யாராலும் பிரிக்க முடியாது. பாலிதீன் பையில் வேர்பிடித்த பதியனை முழுச்செடியாகவே கொண்டு போங்கள். நோய் கண்ட செடியும் மண்ணும் மாநிலம் தாண்டுவதற்கு முன் சிங்க்ரோட்ரான் நிலையத்தாரின் ஒப்புதலை எழுத்தில் வாங்குவது கட்டாயம்.

0.65 மைக்ரானும் வேண்டாம். கேமராவில் அகலவாக்கில் 2048 பிக்சல் இருந்தால் அது 1.3 மி.மீ. அகலத்தைத்தான் பிடிக்கும், உங்கள் தண்டின் பெரும்பகுதி படச்சட்டத்துக்கு வெளியே நிற்கும். 3.5 மைக்ரான் கேளுங்கள். 7 மி.மீ. அகலம் கிடைக்கும், நீர்க்குழாய்களைக் காண அதுவே போதும். நோய்ப் பூசணத்தின் இழைகள் இதில் சிக்காது. ஈரத்திசுவுக்கும் இழைக்கும் அடர்த்தி ஏறக்குறைய ஒரே அளவு. காற்றும் தண்ணீரும்தான் பளிச்சென்று பிரியும்.

எக்ஸ்-கதிர் ஆற்றலைக் கணக்குப் போட்டே விண்ணப்பத்தில் எழுதுங்கள். ஈரத்தண்டு கிட்டத்தட்ட தண்ணீர்தான். 6 மி.மீ. தண்ணீரில் 10 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிர் நூற்றுக்கு நாலு பங்கே வெளிவரும்; 20-இல் அறுபது பங்கு வரும்.

பெரும்பாலான ஸ்கேன்கள் கெடுவது செடி அசைவதால். தொட்டியைச் சுழல்மேடையில் இறுக்கி, படமெடுக்கும் இடத்துக்கு மேலும் கீழும் தண்டை ஒரு மெல்லிய குச்சியோடு கட்டுங்கள். குச்சி கதிர்ப்பாதையில் வரக்கூடாது. இலைகளைச் சேர்த்துச் சுற்றிவிடுங்கள். ஓர் இலை எங்காவது உரசினாலும் போதும், குழாய்ச் சுவர்கள் இரட்டைக் கோடாக வரும். இரட்டைப் பக்க ஒட்டுநாடா மெல்ல வழுகும், தவிர்க்கவும். கட்டியபின் அரை மணி நேரம் அப்படியே விட்டு, பிறகு தொடங்குங்கள். 0 பாகையிலும் 180 பாகையிலும் எடுத்த படங்களில் ஒன்றை இடவலம் திருப்பிப் பொருத்திப் பார்த்தால் அசைவு உடனே தெரியும்.

180 பாகைக்குள் 1500 முதல் 1800 படங்கள் எடுங்கள். செடி இல்லாத வெறும் கதிர்ப்படமும் கதிரே இல்லாத இருட்டுப்படமும் முன்னும் பின்னும் வேண்டும். இல்லாவிட்டால் வட்டவட்டமாக வளையங்கள் விழும். 16 பிட்டில் 1800 படம் என்றால் 15 ஜிபி. மீட்டுருவாக்கிய முப்பரிமாணப் படம் 34 ஜிபி வரை போகும். பெரிய ஹார்டுடிஸ்க் எடுத்துப் போங்கள்.

கதிர் பட்ட இடத்தில் உயிரணுக்கள் சேதமாகும். மறுநாள் ஸ்கேனுக்குச் சில செ.மீ. தள்ளிப் புது இடம் பிடியுங்கள். எடுத்த உயரத்தைத் தண்டில் நூல் கட்டிக் குறித்து வையுங்கள். எல்லா ஸ்கேனும் முடிந்தபின் அதே இடத்தை அறுத்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பூசணத்தைத் தேடலாம்.