புது சர்வர் இருக்கட்டும், முதலில் அந்தக் கதவை மூடுங்கள்

கேள்வி: திருப்பூரில் பனியன் துணிக்கு பிரிண்டிங் செய்து தரும் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறேன். ஆபீஸில் 11 சிஸ்டம். 2018-ல் அசெம்பிள் செய்த மெஷின்தான் சர்வர்: ஏழாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், சாதா ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10 புரோ. டேலி (கணக்கு மென்பொருள்) டேட்டாவும் டிசைன் ஃபைல்களும் அதில்தான். காலை 11 மணிக்கு மேல் டேலி நகர மறுக்கிறது. தீபாவளிக்கு முன் பேக்கிங் பகுதிக்கு வைஃபை ரவுட்டர் போட்டோம். அதிலிருந்து சில சிஸ்டத்தில் சர்வர் தெரிகிறது, சிலதில் தெரிவதில்லை. கரண்ட் போய் வந்தால் டேலியில் டேட்டா எரர் வருகிறது. ஆடிட்டர் தன் ஆபீஸிலிருந்தே சர்வருக்குள் வந்து பார்க்க ஸ்டாட்டிக் ஐபி (மாறாத இணைய முகவரி) வாங்கி, ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறந்து வைத்திருக்கிறோம். பேக்கப் தினமும் டி டிரைவுக்கும், சர்வரிலேயே செருகியிருக்கும் எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கும் போகிறது. 1,80,000 ரூபாயில் புது சர்வர் போடலாம் என்கிறார் சர்வீஸ் செய்பவர். வாங்கலாமா?

பதில்: நீங்கள் கேட்டது வேகத்தைப் பற்றி. அதற்கும் வருகிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது, ஆடிட்டருக்காகத் திறந்து வைத்த வழி. இதைப் படித்து முடித்ததும் ரவுட்டருக்குள் போய், போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை உள்ளே அனுப்பும் வழி) பகுதியில் 3389 என்று இருக்கும் வரியை நீக்கிவிடுங்கள். ஆடிட்டர் இரண்டு நாள் காத்திருக்கட்டும்.

காரணம் இதுதான். ரிமோட் டெஸ்க்டாப் வழக்கமாக 3389 என்ற போர்ட்டில் கேட்டுக்கொண்டிருக்கும். இணையத்தில் இருக்கிற எல்லா ஐபி முகவரிகளையும் வரிசையாகத் தட்டிப் பார்க்கும் புரோகிராம்கள் இரவு பகலாக ஓடுகின்றன. கதவு திறந்திருப்பதைக் கண்டால் அட்மின், டேலி, யூசர் என்று வழக்கமான பெயர்களைப் போட்டு பாஸ்வேர்டை ஊகித்துக்கொண்டே இருக்கும். போர்ட் நம்பரை மாற்றி வைத்தால் போதும் என்பார்கள், போதாது. மாற்றிய நம்பரையும் அவை தட்டும்.

உங்களை யாராவது தட்டியிருக்கிறார்களா என்று நீங்களே பார்க்கலாம். சர்வரில் ஈவன்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், செக்யூரிட்டி என்று போய், 4625 என்ற எண்ணுக்கு ஃபில்டர் போடுங்கள். அது தோற்றுப்போன லாகின் முயற்சிகளின் எண். உங்கள் ஊழியர் பாஸ்வேர்டைத் தப்பாக அடித்தது நாலைந்து இருக்கும். ஆயிரக்கணக்கில் இருந்தால் அது வெளியாள். அடுத்து 4624-ஐப் பாருங்கள். அது வெற்றி பெற்ற லாகின். இரவு இரண்டு மணிக்கு, ஆடிட்டருடையது அல்லாத ஏதோ வெளி ஐபியிலிருந்து ஒரு வெற்றி இருந்தால், உடனே நெட்வொர்க் கேபிளைக் கழற்றுங்கள். டிஸ்க்கை ஃபார்மேட் செய்யாதீர்கள், அதை அப்படியே எடுத்து வையுங்கள். இப்படி ஊடுருவல் தெரிய வந்தால் 6 மணி நேரத்துக்குள் சிஇஆர்டி-இன் (மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு) அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28-ல் வந்த உத்தரவு சொல்கிறது.

இன்னொன்றையும் பாருங்கள். விண்டோஸ் 10 புரோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் வேலை செய்ய முடியும். ஆடிட்டர் உள்ளே வந்தால் சர்வர் முன்னால் இருப்பவரின் திரை பூட்டிக்கொள்ளும். உங்கள் ஆபீஸில் அப்படி ஆகவில்லை என்றால், யாரோ அந்தக் கட்டுப்பாட்டை உடைக்கும் பேட்ச் ஒன்றைப் போட்டிருக்கலாம். அது லைசென்ஸுக்கும் விரோதம், அதற்குள் வேறு என்ன ஒளிந்திருக்கிறது என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. இருந்தால் எடுத்துவிடுங்கள்.

ஆடிட்டருக்கு மாற்று வழி விபிஎன், அதாவது இணையத்தின் வழியே போகும் பூட்டிய தனிப்பாதை. உங்கள் ரவுட்டரிலேயே வயர்கார்டு என்ற விபிஎன் வசதி இருந்தால் அதுவே நல்லது. இல்லையென்றால் சர்வரில் நிறுவி, அதற்கான யுடிபி போர்ட் ஒன்றை மட்டும் திறந்தால் போதும். சரியான சாவி இல்லாமல் தட்டுபவருக்கு வயர்கார்டு பதிலே சொல்லாது. அந்த போர்ட்டில் ஏதாவது இருக்கிறதா என்றே வெளியாளுக்குத் தெரியாது. ஆடிட்டரின் லேப்டாப்புக்கு ஒரு சாவி, உங்கள் போனுக்கு ஒரு சாவி. ஆடிட்டர் மாறினால் அவருடைய சாவியை நீக்கினால் வேலை முடிந்தது.

சரி, அடுத்து பேக்கப். டி டிரைவ் என்பது பெரும்பாலும் சி டிரைவ் இருக்கும் அதே டிஸ்க்கின் இன்னொரு பகுதிதான். டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்து போகும். செருகியே இருக்கும் எக்ஸ்டர்னல் டிஸ்க், டிஸ்க் பழுதுக்குத்தான் உதவும். ரேன்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) வந்தால் சர்வர் எதையெல்லாம் எழுத முடியுமோ அதையெல்லாம் பூட்டிவிடும், அந்த டிஸ்க்கையும் சேர்த்து. எனக்குத் தெரிந்த ஓர் அச்சகத்தில் இதேதான் நடந்தது. ஐந்து வருட டிசைன், இரண்டு பேக்கப், எல்லாம் ஒரே இரவில் பூட்டிக்கொண்டது. தப்பியது எது தெரியுமா? அதற்கு முந்தின மாதம் ஓர் ஊழியர் வீட்டுக்குக் கொண்டுபோய் மறந்துவிட்ட பழைய பென்டிரைவ்.

அவர்கள் தற்செயலாகத் தப்பியதை நீங்கள் ஏற்பாடாகச் செய்யுங்கள். இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி, ஒன்றில் சிவப்பு ஸ்டிக்கர், ஒன்றில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுங்கள். ஒரு வாரம் சிவப்பு ஆபீஸில், பச்சை உங்கள் வீட்டு பீரோவில். திங்கட்கிழமை மாற்றுங்கள். ஆபீஸில் இருப்பதையும் பேக்கப் முடிந்ததும் கழற்றி வையுங்கள். மூன்றாவது பிரதி கிளவுடில், பழைய பதிப்புகளையும் வைத்திருக்கும் வசதியோடு. அந்த வசதி இல்லையென்றால் பூட்டிய ஃபைலே மேலே போய் நல்ல ஃபைலை அழித்துவிடும்.

டேலியைப் பொறுத்தவரை, எல்லோரும் வேலை செய்துகொண்டிருக்கும்போது டேட்டா ஃபோல்டரை காப்பி எடுக்காதீர்கள். பாதி எழுதிய நிலையில் இருக்கும் ஃபைலைத்தான் காப்பி எடுப்பீர்கள். எல்லா சிஸ்டத்திலும் டேலியை மூடிய பிறகு, டேலியின் சொந்த பேக்கப்பைக் கொண்டு எடுங்கள். மாதம் ஒரு சனிக்கிழமை, சர்வர் அல்லாத வேறு ஒரு சிஸ்டத்தில் அந்த பேக்கப்பை ரீஸ்டோர் செய்து, கடைசி பில் நம்பரும் டிரயல் பேலன்ஸும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ‘பேக்கப் சக்ஸஸ்’ என்று தினமும் மெசேஜ் வந்த இடங்களில்கூட, வேண்டிய நாளில் திறந்தால் உள்ளே பழைய வருடத்து கம்பெனி மட்டும் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஜிஎஸ்டி சட்டப்படி, வருடாந்திர ரிட்டர்ன் தாக்கலுக்கான கெடு தேதியிலிருந்து 72 மாதங்களுக்குக் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். உங்களுடையது பிரைவேட் லிமிடெட் என்றால் இன்னும் கூடுதல்: 8 நிதியாண்டுக் கணக்குகள் இருக்க வேண்டும், மின்னணுக் கணக்கின் பேக்கப்பை இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினமும் வைக்க வேண்டும். கிளவுட் எடுக்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள்.

இப்போது வேகம். உங்களைப் போல டேட்டா ஃபோல்டரை ஷேர் செய்து டேலி ஓட்டும்போது, கணக்குப் போடும் வேலையை சர்வர் செய்வதில்லை. பில் போடுபவரின் சிஸ்டம்தான், கேபிள் வழியாக டேட்டாவை இழுத்து, அங்கே கணக்குப் போடுகிறது. ஆகவே சர்வரின் பிராசஸர் எவ்வளவு பெரியது என்பது இங்கே பெரிய விஷயமே இல்லை. டிஸ்க் எவ்வளவு வேகமாகக் கொடுக்கிறது, கேபிள் எவ்வளவு வேகமாகக் கொண்டுபோகிறது, இந்த இரண்டும்தான். கேபிள்தான் தடை என்றால், 1,80,000 ரூபாய் பெட்டியை இதே கேபிளில் செருகினாலும் டேலி பழையபடியேதான் நகரும்.

நாளை 11 மணிக்கு சர்வரில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். பிராசஸர் சும்மா இருந்து, டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால், குற்றவாளி சுழலும் ஹார்டு டிஸ்க். மெஷினையே மாற்றும் வரை (அதைக் கடைசியில் சொல்கிறேன்) அதை எஸ்எஸ்டியாக (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) மாற்றுங்கள். பழையதை குளோன் (அப்படியே நகல்) செய்யாமல் விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள். மேலே சொன்ன ஊடுருவல் சந்தேகமும் அதோடு பெருமளவு குறையும்.

கேபிளையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சிஸ்டத்திலும் ஈதர்நெட் ஸ்டேட்டஸில் வேகம் என்ன காட்டுகிறது? 1 ஜிபிபிஎஸ் என்றால் நல்லது. 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு சுமார் 12 எம்பிதான் போகும். 600 எம்பி டிசைன் ஃபைலைத் திறக்க 50 நொடி. ஜிகாபிட்டில் ஆறு நொடிக்குள் முடியும். காலையில் டிசைனர்கள் ஃபைல்களைத் திறக்கிற நேரமும் உங்கள் 11 மணியும் ஒன்றாக இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். 100-ல் நிற்கக் காரணம் பெரும்பாலும் பழைய ஸ்விட்ச், அல்லது எட்டு கம்பியில் நான்கை மட்டும் கிரிம்ப் செய்த கனெக்டர். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். கேபிள் வாங்கும்போது முழுச் செம்பா என்று கேளுங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது மலிவாகக் கிடைக்கும், சீக்கிரம் ஒடியும். டேலி ஓடும் சிஸ்டம் எதையும் வைஃபையில் விடாதீர்கள்.

சில சிஸ்டத்துக்கு மட்டும் சர்வர் தெரியாமல் போவது, அநேகமாக அந்த வைஃபை ரவுட்டரின் வேலை. ஒரு நெட்வொர்க்கில் ஐபி முகவரி கொடுப்பவர் ஒருவர்தான் இருக்க வேண்டும். உங்கள் பழைய ரவுட்டரும் கொடுக்கிறது, புதியதும் கொடுக்கிறது. யார் முதலில் பதில் சொல்கிறாரோ அந்த முகவரியை சிஸ்டம் எடுத்துக்கொள்ளும். தெரியாத சிஸ்டத்தில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளை கொடுங்கள். நன்றாக இருப்பவற்றில் 192.168.1 என்றும் இதில் 192.168.0 என்றும் தொடங்கினால் சந்தேகமே வேண்டாம். 169.254 என்று தொடங்கினால் முகவரி கொடுக்க யாரும் கிடைக்கவில்லை என்று அர்த்தம், அது கேபிள் கோளாறாக இருக்கலாம். புது ரவுட்டரில் டிஎச்சிபியை (முகவரி கொடுக்கும் வசதியை) அணையுங்கள், அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள், கேபிளை வான் (WAN) துளையில் இல்லாமல் லேன் (LAN) துளையில் செருகுங்கள். சர்வருக்கு 192.168.1.10 என்று நிலையான முகவரி கொடுங்கள். பழைய ரவுட்டர் 100 முதல் 200 வரை மட்டும் மற்றவர்களுக்குக் கொடுக்கட்டும். அரை மணி நேர வேலை.

கரண்ட் போய் வரும்போது வரும் டேட்டா எரருக்கு, யூபிஎஸ்ஸில் என்னென்ன செருகியிருக்கிறது என்று போய்ப் பாருங்கள். சர்வர் இருக்கும். ஸ்விட்ச்? பெரும்பாலான ஆபீஸ்களில் ஸ்விட்ச் சுவரிலே சாதா பிளக்கில் இருக்கும். ஈபியிலிருந்து ஜெனரேட்டருக்கு மாறும் அந்த ஐந்து நொடியில் சர்வர் ஓடிக்கொண்டே இருக்கும், ஸ்விட்ச் செத்து எழும், நடுவில் சேவ் ஆகிக்கொண்டிருந்த வவுச்சர் பாதியில் அறுபடும். ஸ்விட்சையும் ரவுட்டரையும் யூபிஎஸ்ஸுக்கு மாற்றுங்கள். அவை தின்னும் கரண்ட் மிகக் கொஞ்சம். பில் போடும் சிஸ்டங்களுக்கும் யூபிஎஸ் வேண்டும். யூபிஎஸ்ஸோடு வந்த யுஎஸ்பி கேபிள் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். அதை சர்வரில் செருகி, பேட்டரி குறைந்தால் தானாக ஷட்டவுன் ஆகும்படி செய்யுங்கள். பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் ஓய்ந்துவிடும், வாங்கிய தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள். எலக்ட்ரீஷியனைக் கொண்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே எத்தனை வோல்ட் என்று அளக்கச் சொல்லுங்கள். மூன்றுக்குள் இருக்க வேண்டும்.

பேக்கிங் பகுதி தனிக் கட்டடம் என்றால், இடையில் செம்புக் கேபிள் வேண்டாம். ஐப்பசி இடிமழையில் ஒரு கட்டடத்தில் ஏறும் மின்னழுத்தம் அந்தக் கேபிள் வழியாக ஸ்விட்சையும் சர்வரையும் சேர்த்து எரித்துவிடும். ஃபைபர் இழுத்து, இரண்டு முனையிலும் மீடியா கன்வர்ட்டர் போடுங்கள். அப்புறம் பஞ்சுத் தூசி. உங்கள் ஊரில் மூன்று மாதத்தில் சர்வரின் ஃபேன்கள் மெத்தை போல ஆகிவிடும். காலாண்டுக்கு ஒருமுறை அணைத்துவிட்டு ப்ளோயர் பிடிக்க வேண்டும்.

கடைசியாக உங்கள் கேள்வி. மெஷினை மாற்றத்தான் வேண்டும், ஆனால் வேகத்துக்காக இல்லை. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. நிறுவனங்கள் பணம் கட்டி அதிகபட்சம் 3 வருடம் நீட்டிக்கலாம். ஏழாம் தலைமுறை ஐ5 விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இல்லை. 2017 மே மாதம் வானாகிரை என்ற ரேன்சம்வேர் உலகம் முழுக்கப் பரவியபோது, அதற்கான பேட்ச் மார்ச்சிலேயே வெளிவந்திருந்தது; போடாதவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். அப்டேட் நின்றுபோன மெஷினில் கணக்கை வைத்திருக்கக் கூடாது.

ஆனாலும் 11 சிஸ்டத்துக்கு 1,80,000 ரூபாய் தேவையில்லை. விண்டோஸ் 11 புரோ போட்ட நல்ல டெஸ்க்டாப், 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி போதும். புரோ பதிப்பில் ஒரே நேரத்தில் 20 சிஸ்டம் வரை ஷேரில் இணையலாம். ஸ்கேன் அனுப்பும் பிரிண்டரும் அதில் ஓர் எண்ணிக்கை. அந்த மெஷினில் யாரும் பில் போடவோ மெயில் பார்க்கவோ கூடாது. டிசைன் ஃபைல்களுக்கு இரண்டு டிஸ்க் போடும் நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் ஃபைல் வைக்கும் பெட்டி) ஒன்று தனியாக வாங்கி, ஸ்னாப்ஷாட் (ஃபைல்களின் பழைய நிலையைச் சேமிக்கும்) வசதியை இயக்கி வையுங்கள். இரண்டு டிஸ்க்கும் மிரரில் (ஒன்றின் நகல் மற்றதில்) இருந்தாலும் அது பேக்கப் கணக்கில் சேராது. தவறாக அழித்த ஃபைல் இரண்டிலும் ஒரே நொடியில் அழியும். வருங்காலத்தில் 20-ஐத் தாண்டுவீர்கள் என்றால் அன்றைக்கு விண்டோஸ் சர்வரைப் பற்றிப் பேசலாம்.

சர்வீஸ் செய்பவரிடம் கோபப்பட வேண்டாம். இந்த வாரம் அவரைக் கூப்பிட்டு ரவுட்டர் பாஸ்வேர்ட், சர்வரின் அட்மின் பாஸ்வேர்ட், எந்த கேபிள் எந்த ஸ்விட்ச் துளைக்குப் போகிறது என்ற வரைபடம், மூன்றையும் எழுதி வாங்கி பீரோவில் வையுங்கள். ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) புதுப்பிக்கும்போது, மாதாந்திர ரீஸ்டோர் சோதனையை அவர் உங்கள் கண் முன்னால் செய்து காட்ட வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.